விளிம்பைப் பிடித்துவைக்கும் உருகுநூல்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மொரீஷியசின் மேட்டுநிலமான வக்குவாவில் ஜூன் மாதக் குளிர் தொடங்கியதும் பள்ளிச் சுவெட்டர்களின் விற்பனை கூடிவிடும். இரண்டே பின்னல் இயந்திரங்களைக் கொண்ட எங்கள் பட்டறைக்கு, அவற்றின் மணிக்கட்டும் இடுப்பு விளிம்பும் நான்கு சலவைக்குள் தளர்ந்து அலையலையாக விரிவதே நெடுநாள் தலைவலி. அதற்காகச் சென்ற ஆண்டு போர்ட் லூயிஸ் வணிகர் ஒருவரிடம், 85 பாகை செல்சியசில் உருகும் கோபாலியமைடு என்னும் நைலான் இன நூலை வாங்கினோம்.

நைலான் 6 உருக ஏறத்தாழ 220 பாகையும், பாலியெஸ்டர் உருக 250 பாகைக்கு மேலும் தேவைப்படுகையில், இந்நூலுக்குக் கொதிநீரின் ஆவியே போதும். விளிம்பின் முதல் நான்கைந்து வரிசைகளில் மட்டும் அக்ரிலிக் நூலோடு இதையும் சேர்த்துப் பின்னி, ஆவி காட்டினால், அது உருகிக் கண்ணிகளுக்கிடையே பசைபோல் படிந்து, ஆறியதும் இறுகிவிடுகிறது. ஆறும் முன்பே துணியை எடுத்து மடித்ததால் முதல் பன்னிரண்டு சுவெட்டர்களைக் கோணல் விளிம்போடு நாங்களே வைத்துக்கொள்ள நேர்ந்தது. அது நூலின் குற்றமன்று. உருகும்போது நூல் சுருங்குவதால், அதை இழுவிசையின்றித் தளர்வாகவே ஓடவிட வேண்டும் என்பதையும் விளிம்பு சுருக்கம் விழுந்த பிறகே கற்றோம்.

எங்களுக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் தாழ்ந்த உருகுநிலைதான். அதிக வெப்பமும் ஆவியும் பட்டால் அக்ரிலிக் துவண்டு, மீள்தன்மையை இழந்துவிடும் என்பதால், 140 பாகையில் உருகும் வகையை அதனோடு சேர்க்க எனக்குத் துணிவில்லை. பருத்திச் சுவெட்டருக்கு அதுவே பொருத்தம். இளஞ்சூட்டு நீரில் ஓராண்டாகத் துவைத்த எங்கள் வீட்டுச் சுவெட்டரின் விளிம்பு இன்னும் நேராக இருக்கிறது, ஆனால் தொட்டால் சற்றே விறைப்பு. குழந்தையின் கழுத்துப் பட்டைக்கு நான் இதைப் போடமாட்டேன்.

சூடான அயர்ன் பெட்டி பட்டால் பிணைப்பு மீண்டும் இளகும் என்பதால், வாங்குவோரிடம் விளிம்பைத் தேய்க்க வேண்டாமென்று சொல்லியே கொடுக்கிறோம். ஆவி மேசையருகே மறந்து வைத்த ஒரு நூல்கோனின் மேலடுக்கு ஒட்டிக்கொண்டு வீணாயிற்று. விலை சாதாரண நூலைவிட அதிகமெனினும், ஒரு சுவெட்டருக்குச் சில மீட்டரே செலவாவதால் அது உறுத்தவில்லை. உறுத்துவது வேறொன்று: உருகுநிலையை வணிகர் வாய்மொழியாகச் சொன்னாரே தவிர, கோனில் அது அச்சிடப்படவில்லை. இரு வகைகளும் ஒரே வெள்ளை நிறத்தில் இருப்பதால், உருகுநிலை எண்ணை நாங்களே பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம்.