மேகீஸ், மேற்கு லண்டன்: ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும் நடுவே ஓர் இடம்

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்த பிறகு, என் அக்காவை மருந்துகளைவிட அதிகம் வாட்டியது ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடைப்பட்ட காலம்தான். சேரிங் கிராஸ் மருத்துவமனை வளாகத்தில் உள்ள, புற்றுநோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஆதரவு தரும் மேகீஸ் நிலையத்தை, அந்தக் காலத்தைக் கடக்க உதவும் இடமாகவே நான் மதிப்பிடுகிறேன்.

இந்த நிலையங்களுக்குப் பெயர் தந்த மேகி கெஸ்விக் ஜென்க்ஸுக்கு 1993இல் புற்றுநோய் திரும்பியபோது, இன்னும் இரண்டு மூன்று மாதங்களே என்று சொல்லி, ஜன்னலில்லாத நடைவழியில் உட்காரவைத்தார்கள். புதிய சிகிச்சையோடு மேலும் 18 மாதங்கள் வாழ்ந்த அவர், நோயாளிகளுக்கு வேறுவிதமான இடம் வேண்டும் என்று திட்டமிட்டார்; அவர் மறைந்த மறு ஆண்டு, 1996இல், எடின்பரோவில் முதல் நிலையம் திறக்கப்பட்டது. மேற்கு லண்டன் நிலையம் 2008இல் வந்தது. செம்மஞ்சள் சுவருக்குள் நுழைந்தால் வரவேற்பு மேசை இல்லை, சமையலறை மேசைதான் இருக்கிறது. தேநீரை நாமே ஊற்றிக்கொள்ளலாம். மருத்துவரின் கடிதமோ முன்பதிவோ தேவையில்லை, கட்டணமும் இல்லை. குடும்பத்தினரும் தனியாகச் சென்று பேசலாம்.

அந்த மேசையில்தான் அக்கா அரசு உதவித்தொகைக்கான படிவத்தைப் பற்றிக் கேட்டார். 12 மாதங்களுக்குள் இறக்கக்கூடும் என்று கருதப்படுபவர்களுக்கு விரைவாக உதவி கிடைக்கச் செய்யும் படிவம் அது; அதைக் கேட்டுப் பெறுவதே தன் மரணத்தைத் தானே ஒப்புக்கொள்வதாகும் என்று அவர் அஞ்சினார். ஆலோசகர் அவசரப்படாமல், மருத்துவர் தருவது ஒரு கணிப்பே என்றும், அந்த உதவி வழக்கமாக 3 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது என்றும், அதற்குப் பிறகும் வாழ்பவர்களின் விண்ணப்பம் மறுபடி பரிசீலிக்கப்படும் என்றும் விளக்கினார். "எல்லாம் சரியாகிவிடும்" என்று அவர் சொல்லவில்லை. அதனாலேயே அக்கா அவரை நம்பினார். அடுத்ததாக யாழ்ப்பாணம் சென்று அம்மாவைப் பார்க்க முடியுமா என்று அக்கா கேட்டபோது, சிகிச்சைத் தேதிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி உண்டு என்று மருத்துவரிடம் கேட்கவும், பயணக் காப்பீட்டாளரிடம் நோயை மறைக்காமல் சொல்லவும் அறிவுறுத்தினார்.

நிலையம் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் இயங்குகிறது. பயம் மிகுந்த இரவுகளுக்கு வேறு துணை வேண்டும். ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேச இயலாத பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், முதல் முறையாவது கூடவே இருந்து மொழிபெயர்த்து உதவுங்கள்.