முதல் ஹாஃப் மராத்தானுக்கு கார்மின் ஃபோர்ரன்னர் 55: நம்மை மெதுவாக ஓடவைக்கும் வாட்ச்

ஹாஃப் மராத்தானுக்குப் பெயர் கொடுத்த கையோடு எல்லோரும் கேட்பது, "எந்த வாட்ச் வாங்கட்டும்?" என்பதுதான். என்னைக் கேட்டால் கார்மின் ஃபோர்ரன்னர் 55 என்பேன். 2021-ல் வந்த மாடல். அதற்குப் பிறகு பளிச்சென்ற திரையோடு எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் முதல் தடவையாக 21.1 கிலோமீட்டர் ஓடப்போகிறவருக்கு என்ன வேண்டுமோ அது இதில் இருக்கிறது. என் முதல் ஹாஃபுக்கான பயிற்சி முழுக்கவும், போட்டியன்றும் இதைத்தான் கட்டியிருந்தேன்.

இது வேகமாக ஓடவைக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். புதிதாக ஓட வருகிறவர்களை நானும் பார்க்கிறேன், முக்கால்வாசிப் பேர் லாங் ரன்னையே (பயிற்சியில் வரும் நீண்ட தூர ஓட்டம்) போட்டி மாதிரி ஓடிவிட்டு, அடுத்த மூன்று நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் வருபவர் பேச்சுக் கொடுத்தால் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடிய வேண்டும், அதுதான் லாங் ரன்னுக்கான வேகம். இதயத் துடிப்புக்கு ஓர் உச்ச வரம்பு வைத்துவிட்டால், அதைத் தாண்டும்போதெல்லாம் மணிக்கட்டில் அதிர்வு வரும். உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ரன்/வாக் அலர்ட். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டேன். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே பிரபலமாக்கிய முறை இது. முதல் மூன்று கிலோமீட்டரில், கால் களைக்காமல் இருக்கும்போதே நடக்கச் சொல்லும். சுற்றிலும் எல்லோரும் கடந்து போவார்கள், மனசு கேட்காது. அந்த நேரத்தில் அதிர்வுக்குக் கட்டுப்பட்டு நடந்தவர்களால்தான் 17-வது கிலோமீட்டரில் ஓட முடியும். களைத்த பிறகு நடப்பதற்கு வாட்ச் தேவையில்லை, அதைக் காலே சொல்லிவிடும்.

ஒரு விஷயம்: மணிக்கட்டில் துடிப்பை ஒளியால் அளக்கும் எந்த வாட்ச்சும் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டு நம் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். நிதானமாக ஓடும்போதே 165, 170 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை ஒன்றை இதோடு இணைத்துக்கொள்ளலாம்.

அடுத்து தூரம். நான் கணக்கு டீச்சர், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். "வாட்ச் 21.1 காட்டியது, ஃபினிஷ் லைன் இன்னும் வரவே இல்லை, பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள்" என்ற புலம்பல் எல்லாப் போட்டியிலும் கேட்கும். முறைப்படி சான்று பெற்ற பாதையை, சைக்கிள் சக்கரத்தில் கவுண்டர் பொருத்தி, ஓரக் கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, வளைவுக்கு வளைவு இருப்பதிலேயே குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். நாம் அந்தக் கோட்டிலா ஓடுகிறோம்? ஆளைத் தாண்ட விலகுகிறோம், தண்ணீருக்கு ஓரம் போகிறோம், வளைவில் அகலமாகத் திரும்புகிறோம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ்ஸும் தடுமாறும். கடைசியில் வாட்ச் 21.3, 21.4 என்று காட்டுவது சகஜம்.

இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடி (7:06) வருகிறது. வாட்ச் கணக்கில் 21.35 கிலோமீட்டர் ஓடப்போகிறீர்கள் என்றால் அதே வாட்ச் 7:01 காட்ட வேண்டும். 7:06 காட்டுவதை நம்பி நிம்மதியாக ஓடினால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தாமதமாகும். இதற்கு ஃபோர்ரன்னர் 55-ல் நல்ல வழி இருக்கிறது. வாட்ச் தன் கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டரையும் தானாகவே பிரித்துக் காட்டும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, கிலோமீட்டர் போர்டைக் கடக்கும்போதெல்லாம் வலது பக்கக் கீழ் பட்டனை நீங்களே அழுத்துங்கள். திரையில் லேப் நேரம் (கடைசியாகப் பட்டனை அழுத்தியதிலிருந்து ஆன நேரம்), மொத்த நேரம் இரண்டு மட்டும் போதும். அந்தந்த நொடியின் பேஸ் (கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) குதித்துக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து ஓடினால் கால் தாளம் தப்பும்.

டச் ஸ்கிரீன் கிடையாது, ஐந்து பட்டன்கள். வியர்வையில் ஊறிய விரலோடு ஓடுகிறவருக்கு இதன் அருமை தெரியும், பார்க்காமலே அழுத்தலாம். வெயில் ஏற ஏறத் திரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எடை 37 கிராம். ஜிபிஎஸ் ஓடினால் 20 மணி நேரம் வரை சார்ஜ் நிற்கும் என்கிறது கார்மின். ஹாஃபுக்கு இது தாராளம்.

ரேஸ் பிரடிக்டர் என்று ஒன்று ஹாஃப் மராத்தானை எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்று சொல்லும். அதை வைத்து இலக்கு போடாதீர்கள். உடலின் ஆக்ஸிஜன் திறனை மதிப்பிட்டு வரும் எண் அது, அந்தத் தூரத்துக்கு உரிய பயிற்சியை முடித்துவிட்டீர்கள் என்ற அனுமானத்தில் சொல்கிறது. 18 கிலோமீட்டரைத் தாண்டித் தொடை இறுகும்போது அந்த எண் உதவிக்கு வராது. உங்கள் லாங் ரன் பேஸை நம்புங்கள்.

போட்டியன்று துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே ஓட்டத் திரையைத் திறந்து, ஜிபிஎஸ் தயாராகும் வரை காத்திருங்கள். முடிக்கும்போது பட்டனைத் தேடிக் குனியவும் வேண்டாம், அதிகாரபூர்வ நேரம் போட்டிக்காரர்கள் தரும் நேரம் பதியும் சிப்பிலிருந்து வருகிறது. நிமிர்ந்து ஓடிக் கோட்டைக் கடந்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம்.

பாட்டு கேட்டுக்கொண்டே ஓடுகிறவர்களுக்கு இது சரிப்படாது, பாட்டுகளைச் சேமிக்கும் வசதி வாட்ச்சில் இல்லை, போனைச் சுமக்க வேண்டியிருக்கும். மலைப்பாதையில் வரைபடம் பார்த்து ஓட நினைப்பவர்களும் வேறு மாடல் பார்ப்பது நல்லது.