முசுக்கட்டை மரத்துத் துதார்: ஒரு கோடையும் ஒரு மாரியும் வாசித்த பின்

கிளிநொச்சியில் என் வீட்டு முன்னறைச் சுவரில், வீணைக்கு நேர் மேலே, இரண்டு தந்தி இசைக்கருவியான உஸ்பெக் துதார் ஒன்று ஓராண்டுக்கு மேலாகத் தொங்குகிறது. தாஷ்கண்டில் மருத்துவம் படிக்கும் என் பெறாமகன், அந்நகரின் பழைய பகுதியில் உள்ள ஒரு சிறு பட்டறையில் அதைச் செய்வித்து, போர்வையால் சுற்றி, விடுமுறைக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்து சேர்த்தான். நம் பணத்தில் ஏறத்தாழ 80,000 ரூபா முடிந்தது. முப்பது ஆண்டுகள் வன்னிப் பாடசாலைகளில் சங்கீதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வந்த புதிதின் மகிழ்ச்சியில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு கோடையும் ஒரு மாரியும் இதை நாள்தோறும் வாசித்துப் பார்த்த பின்னரே எழுதுகிறேன்.

பாரசீக மொழியில் 'து' என்பது இரண்டு, 'தார்' என்பது தந்தி. மூன்று தந்திக் கருவி சேதார் ஆனதும், நமக்குப் பழகிய சித்தார் என்ற பெயர் பிறந்ததும் இதே வழியில்தான். என் துதார் நாலடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. நெடுக்காகப் பிளந்த பேரிக்காய் போன்ற சிறு குடமும், அதைவிட மிக நீண்ட ஒல்லியான தண்டும், தண்டின் நுனியில் இரண்டே இரண்டு பிரடைகளும் கொண்டது. பிரடையை அவர்கள் 'குலோக்', அதாவது காது, என்கிறார்கள். தந்தியைச் சுருதி சேர்க்கும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை. குடம் ஒரே கட்டையில் குடைந்ததன்று. வளைத்தெடுத்த மெல்லிய மரக்கீற்றுகளை வத்தகப்பழக் கோடுகள் போலப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்திருக்கிறார்கள். என்னுடையதில் 11 கீற்றுகள் உள்ளன. துர்க்மேனியர் தங்கள் துதாரை ஒரே மரத்தில் குடைந்தெடுப்பார்கள். உஸ்பெக்கியரிடம் நிலைத்தது இந்தக் கீற்று முறை. பின்புறத்தில் கையை ஓடவிட்டால் எந்த இடத்தில் ஒரு கீற்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை விரல் கண்டுபிடிக்காது. செய்நேர்த்தியைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

மரம் முசுக்கட்டை, நாம் மல்பெரி என்று சொல்வது. குடத்தின் மேல் மூடியிருக்கும் பலகையும் அதுவே. எங்கள் பக்கத்தில் கதவு நிலைகள் செய்யும் தச்சர் ஒருவரிடம் காட்டினேன். அவர் வேறெதையும் கேளாமல், மூடியை நகத்தால் இரண்டு தரம் தட்டி, குடத்தின் மஞ்சள் பழுப்பு நிறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது பலாவின்ர சொந்தக்காரன் போல கிடக்கு" என்றார். அது முற்றிலும் உண்மை. பலாவும் முசுக்கட்டையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் வீணைக்காரர் பலாவைத் தேடியது போலவே, இரண்டாயிரம் மைலுக்கும் அப்பால் பனி பொழியும் நாட்டுத் தச்சர்களும் அதே குடும்பத்து மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. துதாரின் தந்தி மரபுப்படி முறுக்கிய பட்டுநூல். பட்டுப்புழு உண்பது முசுக்கட்டை இலை. பெர்கானாப் பள்ளத்தாக்கின் மர்கிலான் நகரம் பட்டுத் தறிகளுக்குப் பெயர்போனது. அந்நாட்டில் வாய்க்கால் கரைகளெங்கும் முசுக்கட்டை நிற்கிறது. கட்டை குடமாகிறது, இலை புழுவின் வயிற்றில் நூலாகித் தந்தியாகிறது. ஒரு மரமே கருவியாகிறது. இதை அறிந்த நாளில் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் துதாரில் பட்டறைக்காரர் பூட்டித் தந்தது நைலோன் தந்தி. இப்போது பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது என்றாலும், வாங்குபவர்கள் பட்டுத் தந்தி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் எழும் தணிந்த, தடித்த குரலை நினைத்துக்கொள்ளுங்கள். துதாரின் குரல் அது. நகமோ மீட்டுக் கம்பியோ கிடையாது. வலது கையின் விரல்கள் முழுவதும் விசிறி போல விரிந்தும் மடங்கியும் மூடியின் மேல் ஓடி, இரண்டு தந்திகளையும் ஒன்றாக மீட்டுகின்றன. ஒரு தந்தி பாட்டின் இசையைச் சொல்ல, மற்றது ஆதாரமாக நிற்கும் அல்லது சற்றுத் தள்ளிப் பின்தொடரும். சுருதி சேர்ப்பது பெரும்பாலும் ச–ம அல்லது ச–ப. சில உருப்படிகளுக்கு இரண்டும் ஒரே சுரம். தாழ்ந்த தந்தியை இடது கைப் பெருவிரலால் தண்டுக்கு மேலாக வளைத்து அழுத்த வேண்டும். வீணையில் அந்த விரலுக்கு அப்படியொரு வேலையே இல்லாததால், முதல் மூன்று வாரமும் என் பெருவிரல் வீங்கியிருந்தது. தண்டில் சுர இடங்களைக் காட்டும் 14 மெட்டுகள் கட்டப்பட்டுள்ளன. நரம்பு போன்ற இழையால் சுற்றிக் கட்டியவை, நகர்த்தலாம். எங்கள் வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளைப் போலத் தந்தியை ஆழமாக இழுக்க இவை இடம் கொடா. எனவே தோடி இராகத்தின் காந்தார சுரத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம். அவர்களிடம் 'நோலா' என்றொரு அசைவு உண்டு. சொல்லுக்குப் பொருள் முனகல், புலம்பல். சுரத்தை இலேசாக நடுங்கவிட்டு மீள்வது. நம் ஒப்பாரியில் குரல் உடையும் இடத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவு தணிந்த ஒலியைக் குறை என்று எண்ணியே முதலில் நானும் தொடங்கினேன். பின்னர்தான் அது எங்கே வாழ்ந்த கருவி என்பது தெரிந்தது. பழைய உஸ்பெக் நகர வீடுகளில் ஆடவர் விருந்தினரை வரவேற்கும் வெளிக்கட்டு வேறு, 'இச்கரி' எனப்படும் பெண்களின் உள்கட்டு வேறு. துதார் அந்த உள்கட்டில் தாய் மகளுக்கும், அத்தை மருமகளுக்கும் கற்பித்த கருவி. தொட்டில் பாட்டும் கல்யாணப் பாட்டும் தாய்வீட்டை நினைத்துப் பாடுவதும் அதில் நடந்தன. தோயிரா என்ற சட்டப் பறை கூடச் சேர்ந்தது. மதிலுக்கு வெளியே கேட்கவேண்டிய தேவையே அதற்கு இல்லை. துர்க்மேனியரிடையே இதே பெயருடைய கருவி ஆடவர் கையில் காப்பியம் பாடுகிறது. உஸ்பெக் நாட்டிலேயே கொரஸ்ம் பகுதியில் பக்ஷி என்ற கதைப்பாடகர்கள் துதாரோடு விடியவிடியக் கதை சொல்கிறார்கள். முல்லைத்தீவில் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் விடியும்வரை பார்த்தவர்கள், அந்தப் பக்ஷியின் முன்னால் இருந்தால் அந்நியராக உணரமாட்டார்கள்.

இதன் பழமையைப் பற்றி: 10ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் அல்பராபி தம் பெரிய இசைநூலில் 'குராசான் தன்பூர்' என்ற நீண்ட தண்டுடைய இரண்டு தந்திக் கருவியை, அதன் மெட்டுகள் எங்கெங்கே கட்டப்படுகின்றன என்பது வரை விவரித்துள்ளார். துதாரின் மூதாதை என்று சொல்ல அதைவிட நெருங்கிய கருவி இல்லை. அதற்கும் முன்னே, தெர்மேஸ் நகருக்கு அருகே ஆமு தர்யா ஆற்றங்கரையில் அய்ர்தாம் என்ற இடத்தில், குஷானர் காலத்துப் பௌத்த விகாரையின் கற்சிற்பப் பட்டையில் இசைக்கலைஞர் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் தண்டு குறுகிய தந்திக் கருவி ஒன்றும், முழவும், யாழ் இனத்தைச் சேர்ந்த கருவி ஒன்றும் உண்டு. நமக்கு யாழ் போய்விட்டது. விபுலானந்த அடிகள் ஏடுகளைப் புரட்டிக் கணக்கிட்டு அதன் வடிவை மீட்டெடுத்து, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றிய சில வாரங்களில் மறைந்தார். ஒரு கருவி கைமாறாமல் நின்றுவிட்டால் பின்னால் வருபவருக்கு எவ்வளவு உழைப்பு நேர்கிறது என்பதற்கு அந்த நூலே சான்று.

உஸ்பெக்கியரும் அந்த ஆபத்தை நெருங்கித் திரும்பியவர்களே. அவர்களுடைய செவ்வியல் இசை மகோம் எனப்படும். புகாராவில் ஆறு மகோம்களின் தொகுதி, 'ஷஷ்மகோம்', பெர்கானா, தாஷ்கண்ட் பகுதியில் நான்கு, கொரஸ்மில் ஆறரை. அங்கே முதன்மைக் கருவி, நீண்ட தண்டுடைய தந்திக் கருவியான தன்பூர். துதார் அதற்குத் துணை. கொரஸ்மின் தலைநகரான கீவாவின் அரசர் இரண்டாம் முகம்மது ரஹீம் கான் காலத்தில் கவிஞர் காமில் கொரஸ்மி (1825–1899) தன்பூருக்கென ஒரு சுரக்குறிப்பு முறையை வகுத்தார். மெட்டுகளைக் குறிக்க 18 கோடுகள். கோட்டின் மேலும் கீழும் இடும் புள்ளிகள் மீட்டும் திசையைச் சொல்லும். 1923இல் இசையறிஞர் விக்தர் உஸ்பென்ஸ்கி புகாராவுக்குச் சென்று, முதிய வித்துவான்கள் இருவர் பாடவும் வாசிக்கவும் ஷஷ்மகோமை எழுதியெடுத்தார். அமீர்களின் அரண்மனை இசை என்று 1950களின் தொடக்கத்தில் சோவியத் அதிகாரிகள் மகோமைப் பழித்து ஒதுக்கினர். 1959இல் இசைக்கலைஞர் யூனுஸ் ரஜபி வானொலியில் மகோம் குழுவை அமைத்த பின்னரே அது தலைநிமிர்ந்தது. யுனெஸ்கோ அதை 2003இல் மானுடத்தின் அருஞ்செல்வமாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. இந்த ஏற்ற இறக்கம் எல்லாவற்றின் போதும் துதார் வீட்டுக்குள்ளும் ஒலித்துக்கொண்டிருந்தது. துதார், தன்பூர், வில்லால் இழைக்கும் சாதோ மூன்றையும் வாசித்த துர்குன் அலிமாதோவின் (1922–2008) ஒலிப்பதிவுகள் கிடைத்தால், வாங்குவதற்கு முன்னே அவற்றைக் கேளுங்கள். ஒரு மீட்டலுக்கும் அடுத்த மீட்டலுக்கும் இடையே அவர் விடும் அமைதியில்தான் இந்தக் கருவியின் முழு இயல்பும் இருக்கிறது.

வாங்குவதில் ஒரு கவனம் தேவை. துதார் என்ற பெயரில் அங்கே மூன்று வகை கிடைக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்காகப் பூவேலை தீட்டித் தொங்கவிட்டிருப்பவை சுவருக்கு மட்டுமே உரியவை. இரண்டாவது, சோவியத் காலத்தில் இசையறிஞர் அஷோத் பெத்ரோசியன்ஸ் தலைமையில் தாஷ்கண்டில் திருத்தியமைத்த வகை. மேற்கத்திய வாத்தியக் குழுவைப் போல பிரிமா முதல் கொன்திராபாஸ் வரை சிறிதும் பெரிதுமாகச் செய்து, பன்னிரண்டு சமச் சுருதிகளுக்கு மெட்டுகளை நிலைப்படுத்தினார்கள். குழுவாக வாசிக்க அது உதவும். என் செவிக்கு அதில் நோலா உலர்ந்துபோகிறது. மூன்றாவதே மெட்டுகளைக் கட்டிய மரபுத் துதார். கடைக்காரரிடம் ஒரு மெட்டை நகர்த்திக் காட்டச் சொன்னால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இனி வன்னியில் இது பட்ட பாடு. வறண்ட நாட்டில் உலர்ந்த மரத்துக்கு எங்கள் மாரி ஒத்துவரவில்லை. கார்த்திகை மழை பிடித்த இரண்டாவது கிழமை பிரடைகள் ஊதி இறுகி அசைய மறுத்தன. அடுத்த சில நாட்களில் குடத்தின் ஏழாவது கீற்றுக்கும் எட்டாவதுக்கும் இடையே தலைமுடி நுழையுமளவு ஒட்டு விட்டது. வாசித்தால் இரைந்தது. முன்பு சொன்ன தச்சரே அதைச் சரிசெய்தார். பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டைகளாக வெட்டி, வெடிப்பில் பசையை ஊட்டி, குடத்தைச் சுற்றி வரிந்து கட்டி, மூன்று நாள் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் வைத்தார். கட்டை அவிழ்த்தபோது வெடிப்பு மூடியிருந்தது, இரைச்சல் போய்விட்டது. பிரடைகளுக்குச் சோக்குக்கட்டியைத் தேய்த்தால் போதும். இப்போது மாரியில் கரித்துண்டுகள் கட்டிய துணிப்பையோடு அலுமாரிக்குள் வைக்கிறேன். தகரக் கூரையில் மழை பெய்யும்போது எப்படியும் இதன் ஒலி வாசிப்பவருக்கே கேட்காது.

தம்புராவுக்கு மாற்றாக வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். மீட்டிய ஒலி விரைவில் அடங்கிவிடும், சுருதி தொடர்ந்து நிற்காது. மேடைக் கச்சேரிக்கும் உதவாது. ஆனால் வீட்டில் ஒருவரோ இருவரோ கேட்கப் பாடுபவர்களுக்கு, பாட்டோடு சேர்த்துத் தாமே மீட்டிக்கொள்ள, இதைவிட இணக்கமான கருவியை நான் தொட்டதில்லை. என்னிடம் படிக்கும் பதினோரு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே இதில் மோகன இராகத்தைக் கண்டுபிடித்து வாசிக்கிறாள். எடையும் மிகக் குறைவு. அந்தப் பிள்ளையே ஒரு கையால் தூக்கி மறு அறைக்குக் கொண்டுபோகிறாள். 2009இல் விசுவமடுவைக் கடக்கும்போது ஒரு வீட்டுத் திண்ணையில் நான் விட்டுவந்த பலாமரத்து வீணையை இருவர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. எடையைப் பற்றி எழுதும்போது அதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது இரண்டு சோடி பட்டுத் தந்தியும், மெட்டுக் கட்டும் இழையும் கொண்டுவரும்படி பெறாமகனுக்குச் சொல்லியிருக்கிறேன். பட்டுத் தந்தி பூட்டிய பின் ஒலி எப்படி மாறுகிறது என்பதை ஒரு மாதம் வாசித்துப் பார்த்து இதன் கீழே சேர்ப்பேன்.