மூன்று ஊர், ஒரு டேட்டாபேஸ்: ராஃப்ட்டா, ஈபாக்ஸோஸா?

மும்பை, சிங்கப்பூர், ஃபிராங்க்ஃபர்ட் மூன்றிலும் ஒவ்வொரு ரெப்ளிகா, அதாவது டேட்டாபேஸின் நகல். எந்த ஊர் படுத்தாலும் டேட்டா தொலையக் கூடாது, ரைட் (எழுதும் வேலை) நிற்கவும் கூடாது. எதை எந்த வரிசையில் எழுதுவது என்று இந்த நகல்களை ஒத்துக்கொள்ள வைக்கும் இரண்டு அல்காரிதம்கள்தான் ராஃப்ட்டும் ஈபாக்ஸோஸும். கணக்குக்காக மும்பையிலிருந்து சிங்கப்பூர் போய்வர 60 மில்லிசெகண்ட், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 120 என்று வைத்துக்கொள்வோம். ஃபைபரில் 1,000 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே 10 மில்லிசெகண்ட் ஆகிறது, அதனால் காசு கொட்டினாலும் இது பெரிதாகக் குறையாது.

ராஃப்ட்டில் எல்லா ரைட்டும் லீடர், அதாவது மூவரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ரெப்ளிகா வழியாகத்தான். லீடர் மும்பையில் இருந்தால் மும்பைக்காரருக்கு 60ல் வேலை முடிந்தது, மூவரில் இருவர் ஒத்துக்கொண்டால் போதும் என்பதால் சிங்கப்பூரின் பதிலே போதுமானது. லீடரிடம் போய்வரும் நேரமும் சேர்வதால் சிங்கப்பூர்க்காரருக்கு 120, ஃபிராங்க்ஃபர்ட்காரருக்கு 180. லீடர் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போய்விட்டால் மும்பைக்காரருக்கு 240! ஈபாக்ஸோஸில் நிரந்தர லீடரே இல்லை, பக்கத்து ரெப்ளிகாவிடம் கொடுத்தால் போதும்: 60, 60, 120.

லீடர் விழுந்தால்? போய்வரும் நேரத்தைப் போல் பத்து மடங்காவது எலெக்‌ஷன் டைம்அவுட் (புது லீடருக்கான தேர்தலுக்கு முன் காத்திருக்கும் நேரம்) வையுங்கள் என்கிறது ராஃப்ட்டில் ஓடும் டேட்டா ஸ்டோரான எட்சிடியின் வழிகாட்டி. இங்கே அது ஒரு செகண்டுக்கு மேல், அதுவரை ரைட் கிடையாது. ஈபாக்ஸோஸில் மற்ற இருவரும் தொடர்வார்கள், விழுந்தவர் பாதியில் விட்டதைச் சார்ந்த கமாண்டுகள் மட்டும் காத்திருக்கும்.

இதோடு நிறுத்தினால் ஈபாக்ஸோஸ்தான் ஜெயிக்கும். ஆனால் ஒரே கீயில் (டேட்டாவின் ஒரே பதிவில்) இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் ஐந்து ரெப்ளிகா கிளஸ்டரில் இன்னொரு ரவுண்ட் (போய்வரல்) தேவைப்படலாம்; மூன்றில் கமிட் (ஒப்புதல்) ஒரே ரவுண்டில் ஆகிவிடும், ஆனால் எது முந்தி எது பிந்தி என்ற சார்புச் சங்கிலி தீரும்வரை எக்ஸிக்யூஷன் (அதைச் செயல்படுத்துவது) நிற்கும். விழுந்தவர் பாதியில் விட்டதை மீட்கும் ரிகவரியோ தலைவலி. 2013ல் வெளிவந்த ஈபாக்ஸோஸில் ஒரு பிழை இருப்பதை 2019ல்தான் ஆய்வாளர் பியர் சூத்ரா காட்டினார். ராஃப்ட்டின் 2014 கட்டுரைக்காக 43 மாணவர்களைச் சோதித்தபோது 33 பேர் பாக்ஸோஸ் (ஈபாக்ஸோஸின் மூல அல்காரிதம்) கேள்விகளைவிட ராஃப்ட் கேள்விகளுக்கு நன்றாக விடையளித்தார்கள். ராத்திரி 2 மணிக்கு லாக் படிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் இன்னொன்று. கீகள் ஊர்வாரியாகப் பிரிந்திருந்தால், காக்ரோச்டிபி என்ற டேட்டாபேஸ் போல டேட்டாவை ரேஞ்சுகளாக வெட்டி ஒவ்வொன்றின் லீடரையும் எழுதுபவர் ஊரிலேயே வைத்துவிடலாம், ராஃப்ட்டிலேயே அதே 60, 60, 120 கிடைக்கும். பிரியாமல் எல்லா ஊரும் ஒரே கீயில் மோதினால் ஈபாக்ஸோஸும் தடுமாறும். இன்று இங்கிருந்தும் நாளை அங்கிருந்தும் மோதாமல் எழுதப்படும் கீகள்தான் அதற்கு மிஞ்சுவது. அவை உங்களிடம் பெரும்பான்மை இல்லையென்றால் ராஃப்ட்டே எடுங்கள், எலெக்‌ஷன் முடிந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் உட்கார்ந்த லீடரை மும்பைக்குத் திருப்பும் ஏற்பாட்டை மட்டும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.