அண்ணனின் ஜீனோடைப் டெஸ்ட்: மதுரை லேப்புக்கு ஐந்துக்கு மூன்று

சோழவந்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்களின் ரிப்போர்ட்டுகளை நகல் எடுத்தே பாதி மருத்துவ வார்த்தைகள் பழகிவிட்டன. இந்தத் தடவை வந்தது எங்கள் வீட்டு ரிப்போர்ட். பெரிய அண்ணனுக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தத்தில், ஈரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ். சர்ஜன் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு வைரல் லோடு (ரத்தத்தில் கிருமி எவ்வளவு), ஜீனோடைப் (கிருமி எந்த வகை) என்று இரண்டு டெஸ்ட் எழுதினார். அவற்றை எடுத்த மதுரை லேப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுத்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கள் கண் முன்னால் புதுக் கையுறை மாட்டி, புது ஊசியின் உறையைக் கிழித்துக் காட்டிவிட்டுத்தான் தொட்டார். ரத்தத்தில் பரவும் நோய்க்கு டெஸ்ட் எடுக்கப் போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? லாரி ஓட்டி ஓட்டித் தடித்துப்போன கையில் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டார். ஊதா மூடி டியூபில் எடுத்து, அதை உடனே சுற்றி பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்துத்தான் மும்பைக்கு அனுப்புவோம், வெயிலில் கிடந்தால் வைரஸ் சிதைந்து அளவு குறைத்துக் காட்டும் என்று கேட்காமலே விளக்கினார். அந்தத் தம்பிக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

கவுன்டர் வேறு கதை. இரண்டு டெஸ்டையும் சேர்த்தே பில் போட்டார்கள்: 8,700 ரூபாய். முதலில் வைரல் லோடு மட்டும் எடுக்கலாமா என்று கேட்கக்கூட எனக்கு அப்போது தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன் எடுத்த அந்த முதல் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சிலருக்கு அது தானாகவே போய்விடும், அதன் தடயம் மட்டும் ரத்தத்தில் நிற்கும். கிருமி இப்போது இருக்கிறதா என்பதை வைரல் லோடுதான் காட்டும். அதில் இல்லை என்று வந்திருந்தால் ஜீனோடைப்புக்குக் கட்டிய பணம் வைகையில் போட்ட மாதிரிதான். தினமும் இதே வேலை பார்க்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நாலு நாளில் ரிப்போர்ட் என்றார்கள், ஒன்பதாம் நாள் வந்தது. இடையில் மூன்று போன். மூன்றுக்கும் ‘பிராசஸ்ல இருக்குண்ணே’தான் பதில்.

வந்த ரிப்போர்ட்டில் வைரல் லோடு லட்சக்கணக்கில் இருந்தது. ஜீனோடைப் 3ஏ. அவ்வளவுதான். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் ஆங்கிலம். 3ஏ என்றால் நல்லதா கெட்டதா என்று கவுன்டரில் கேட்டேன். ‘டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே.’ பக்கத்தில் நின்ற மதினிக்கு முகமே மாறிவிட்டது. மூன்றாம் கட்டம் என்று நினைத்துவிட்டார். எண் என்றாலே புற்றுநோய் ஸ்டேஜ் மாதிரி என்றுதானே நமக்கெல்லாம் மனதில் பதிந்திருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே அண்ணனுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு.

பெரியாஸ்பத்திரியில் ஈரல் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. எண்ணுக்கும் நோயின் தீவிரத்துக்கும் சம்பந்தமில்லை, அது கிருமியின் வம்சம் என்றார். அப்புறம் நானும் படித்துப் பார்த்தேன். 1989-இல் கண்டுபிடித்த இந்த வைரஸில் இதுவரை 8 வகை அறியப்பட்டிருக்கின்றன. உலகத்தில் அதிகம் 1, அடுத்தது 3. எகிப்தில் 4. அங்கே நத்தைக் காய்ச்சல் என்ற புழு நோயை ஒழிக்க அரசாங்கமே ஊசி போட்டபோது சரியாகக் கொதிக்க வைக்காத ஊசிகள் வழியே அது ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 5, தென்கிழக்கு ஆசியாவில் 6. நம் நாட்டில் 3-தான் முன்னால். தெற்கே வர வர 1-இன் பங்கு கூடுகிறது, வடகிழக்கில் 6 தலைகாட்டுகிறது.

அண்ணன் பதினைந்து வருடம் லூதியானா லைன் ஓட்டியவர். 1998-இல் அங்கே ஒரு விபத்தில் கால் முறிந்து இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பஞ்சாபில் இந்த நோய் அதிகம். அப்படியானால் 3ஏ அங்கிருந்து ஏறியதுதானே என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். ‘3 இங்கேயும் இருக்கு தம்பி. இதை வெச்சு எந்த ஊர்ல வந்ததுன்னு அட்ரஸ் கண்டுபிடிக்க முடியாது. ரத்தத்துல வந்திருக்கலாம், ஊசியில வந்திருக்கலாம், சலூன் கத்தியிலகூட வந்திருக்கலாம்.’ எட்டாவது வகையை 2018-இல் கனடாவில் அடையாளம் கண்டதும் பஞ்சாபிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்களிடம்தானாம். இதைச் சொன்னபோது அண்ணனுக்கு ஏனோ ஒரு பெருமை.

தனி டம்ளர் அன்றைக்கே ஒழிந்தது. ஒன்றாகச் சாப்பிடுவதால் இது ஒட்டாது. சவர பிளேடும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனியாக இருக்க வேண்டும்.

என் பெரிய மனக்குறை இனிமேல்தான். அண்ணனுக்கு ஜீனோடைப் டெஸ்டே தேவைப்பட்டிருக்காது. இன்டர்ஃபெரான் ஊசி காலத்தில் 1 என்றால் 48 வாரம், 3 என்றால் 24 வாரம் என்று சிகிச்சைக் கணக்கே வேறாக இருந்தது. அப்போது இந்த எண்தான் எல்லாம். இப்போது சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் சேர்ந்த ஒரே மாத்திரை எல்லா வகைக்கும் 12 வாரம். ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கும், ஒருமுறை மருந்து தின்றும் கிருமி போகாதவர்களுக்கும்தான் வகை தெரிந்தால் கூடுதல் உபயோகம். அண்ணனுக்கு ஃபைப்ரோஸ்கேன் என்ற ஈரல் ஸ்கேனில் ஈரல் சுருக்கம் இல்லை என்று வந்தது. 3-ஆம் வகை ஈரலில் கொழுப்பு சேர்க்கும் என்பதால் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள். பரோட்டா போச்சு.

டெஸ்ட் எழுதியது சர்ஜன், அதற்கு லேப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 5,200 ரூபாய் டெஸ்டுக்குத் தமிழில் நாலு வரி விளக்கம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க முடியாதா? என் கடையில் பக்கம் இரண்டு ரூபாய்தான்.

யாருக்காவது இப்படி பாசிட்டிவ் வந்தால் பணத்தை எடுத்துக்கொண்டு நேரே லேப்புக்கு ஓடாதீர்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசம். முதலில் பெரியாஸ்பத்திரியில் விசாரியுங்கள். ஜீனோடைப் எழுதினால், எதற்கு என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அண்ணன் 12 வாரமும் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டு முடித்துவிட்டார். முடித்ததிலிருந்து இன்னொரு 12 வாரம் கழித்து மறுபடி வைரல் லோடு பார்க்க வேண்டும். அதை இதே லேப்பில் எடுப்பதாக இருக்கிறோம். அந்தத் தம்பிக்கு எந்த ஷிப்ட் என்று போனில் கேட்டு வைத்திருக்கிறேன்.