ஏழு வருடம் ஓடிய டிவி வயரிங்: டிஷ், ஆன்டெனா, நடுவில் உள்ள கனெக்டர்கள்

வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, சுவர் பூசுவதற்கு முன்பே டிவிக்கான வயரை நானே இழுத்தேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. மாடியில் ஒரு டிஷ், சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் தரைவழி ஒளிபரப்புக்கான யுஎச்எஃப் ஆன்டெனா, கீழே மூன்று அறைகளில் டிவி. இத்தனை நாளில் டிஷ் ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கிக் கீழே அனுப்பும் எல்என்பியும் முதலில் மாட்டியதுதான். டிஷ் பக்கம் வந்த தொல்லை வயர் முடிகிற இடத்தில்தான் வந்தது. அதனால் எந்த டிஷ் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் கனெக்டரைப் பற்றித்தான் பேச ஆரம்பிக்கிறேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி வைத்து, எல்லா வயரையும் அங்கே கொண்டுவந்து, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகப் பைப்பில் அனுப்பினேன். ஓர் அறையின் வயரில் கிளை பிரித்து அடுத்த அறைக்குக் கொண்டுபோகவில்லை. வயர் அதிகம் பிடிக்கும்தான். ஆனால் ஒரு டிவியில் படம் வரவில்லை என்றால் அந்த ஒரு பாதையை மட்டும் பார்த்தால் போதும்.

முதல் இரண்டு அறைகளுக்கு டிஷ்ஷுக்கு ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று என இரண்டு வயர். மூன்றாவது அறை தூரம், கையில் இருந்த வயரும் தீரும் நிலையில் இருந்தது. அங்கே மட்டும் ஒரே வயரில் இரண்டு சிக்னலையும் டைபிளெக்சர் வைத்துச் சேர்த்து அனுப்பினேன். ஆன்டெனா சிக்னல் 862 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். எல்என்பி கீழே அனுப்புவது 950 முதல் 2150 வரை. ஒன்றோடொன்று மோதாது. பெட்டியில் சேர்க்க ஒன்று, டிவிக்குப் பின்னால் பிரிக்க ஒன்று, அவ்வளவுதான். படத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை.

டிஷ் வயரைச் சாதாரண ஸ்ப்ளிட்டரில் பிரித்து இரண்டு பாக்ஸுக்குக் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரிவராது. செட்டாப் பாக்ஸ் அதே வயர் வழியாக எல்என்பிக்குக் கரண்ட்டும் அனுப்புகிறது. சேனல்கள் செங்குத்து, கிடைமட்டம் என இரண்டு வகை அலையில் வரும். 13 வோல்ட் வந்தால் எல்என்பி செங்குத்து அலையை எடுக்கும், 18 வந்தால் கிடைமட்ட அலையை எடுக்கும். ஓர் அறையில் 18 கேட்கும் சேனலை வைத்தால், 13 கேட்கும் சேனலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த அறையில் படம் போய்விடும். அதனால் நான்கு வாய் உள்ள எல்என்பி வாங்கி, மூன்று வாயில் மூன்று வயரை மாட்டி, நான்காவதை மூடி போட்டு அடைத்தேன்.

இந்த 13, 18 கணக்குதான் ஐந்தாவது வருடம் எனக்குக் கைகொடுத்தது. மழைக்காலத்தில் மூன்றாவது அறையில் மட்டும் ஏறக்குறைய பாதிச் சேனல்கள் காணாமல் போயின. மீதிப் பாதி பளிச்சென்று வந்தது. பாக்ஸ்தான் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். பாக்ஸை வேறு அறையில் மாட்டினால் எல்லாச் சேனலும் வந்தது. மாடிக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு போய், எல்என்பி இணைந்திருக்கும்போதே மூன்று வாய் உள்ள ‘T’ வடிவக் கனெக்டர் ஒன்றை நடுவில் வைத்து அளந்தேன். 18 வரவேண்டிய இடத்தில் 14க்குச் சற்று மேல் இருந்தது. எல்என்பிக்கு அது 13 மாதிரிதான். கிடைமட்டப் பக்கம் போகவே இல்லை. எல்என்பியைக் கழற்றிவிட்டு அளந்திருந்தால் வோல்டேஜ் சரியாகவே காட்டியிருக்கும். எல்என்பி கரண்ட் இழுக்கும்போதுதான் குறை தெரியும்.

எல்என்பி வாயில் இருந்த கனெக்டரைத் திருகி எடுத்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. நடுக்கம்பியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, அடியில் செம்புப் பூச்சு போய்க் கறுப்பாக இரும்பு. வயரின் வெளிச்சுற்றில் உள்ள பின்னல் கம்பிகளை விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. அந்த ஒரு வயருக்கு மட்டும் திருகிப் பொருத்தும் கனெக்டரைப் போட்டிருந்தேன், அழுத்திப் பொருத்துவது தீர்ந்துபோனதால். மற்ற இரண்டையும் அன்றைக்கே கழற்றிப் பார்த்தேன். புதிதாகப் போட்டது போலவே இருந்தன.

அந்த வயரும் நடுவில் இரும்பு, மேலே செம்புப் பூச்சு உள்ள வகை. உயர் அலைவரிசை கம்பியின் மேல்தோலில்தான் ஓடும், அதனால் சிக்னலுக்கு அது போதும். ஆனால் பாக்ஸ் எல்என்பிக்கு அனுப்பும் டிசி கரண்ட் கம்பி முழுக்க ஓடும், இரும்பில் தடை அதிகம். ஆன்டெனாவுக்கு மட்டும் என்றால் அந்த வயர் தாராளமாகப் போடலாம். தூரத்தில் உள்ள டிஷ்ஷுக்கு நடுக்கம்பி முழுச் செம்பாக உள்ள ஆர்ஜி 6 வகை வயர்தான் என் தேர்வு.

கனெக்டர் போடும் வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். வெள்ளை நிற இன்சுலேஷன் கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 3 மி.மீ. போல நீட்டினால் போதும். பின்னலிலிருந்து ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். ஒவ்வொரு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவேன். வெளியில் இருப்பதைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றுகிறேன். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டிருக்கிறேன். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராது.

ஆன்டெனாப் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வழி ஸ்ப்ளிட்டர் வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். சிலவற்றில் ஒரு வாயில் 3.5 டெசிபெல் இழப்பு, மற்ற இரண்டில் 7. குறைந்த இழப்பு உள்ள வாயைத் தூரத்து அறைக்குக் கொடுத்தேன். பூஸ்டர் போடுவதென்றால் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். வயரில் தேய்ந்துபோன சிக்னலைக் கீழே வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். முதல் வருடம் சக்தி அதிகமான பூஸ்டர் வைத்து, பக்கத்து டவரின் சிக்னல் அளவு மீறி, வந்துகொண்டிருந்த சேனல்களும் போயின. சிறியதாக மாற்றியதும் நின்றது. டிஜிட்டலில் படம் மெல்ல மங்குவதில்லை, கடைசி வரை தெளிவாக இருந்துவிட்டு ஒரேயடியாக உடையும். அதனால் படத்தை நம்பாமல், டிவி மெனுவில் காட்டும் சிக்னல் தரத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

எர்த் விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியம் காட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். டிஷ்ஷும் கம்பமும், வயர்கள் உள்ளே நுழையும் எர்த் பிளாக்கும் (வயர்களின் வெளிப் பின்னலை எர்த்தோடு சேர்க்கும் உலோகத் துண்டு) வீட்டின் அதே எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். டிஷ்ஷுக்கென்று தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து அப்படியே விட்டால், இடி நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே வரும் வோல்டேஜ் வித்தியாசம் உங்கள் டிவி வழியாகத்தான் பாயும். இந்த இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்தேன். நேரடியாக மின்னல் விழுந்தால் இதுவும் தாங்காது. இடி இடிக்கும் சத்தம் கேட்பதற்கு முன்பே, வானம் கறுக்கும்போதே டிவி, பாக்ஸ் எல்லாவற்றின் பிளக்கையும் வயரையும் கழற்றிவிடுகிறோம்.

டைபிளெக்சர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. சுவர் பூசி முடிந்த வீட்டில் அதுதான் வழி. ஆனால் எண்ணிப் பார்த்தால், மூன்றாவது அறையின் டிஷ் பாதையில் எட்டுக் கனெக்டர்கள் இருந்தன, மற்ற அறைகளில் நான்குதான். நல்லவேளையாக, வயர் இழுத்த அன்றே அந்தப் பைப்பில் ஒரு நைலான் கயிறும் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் அதில் முழுச் செம்பு வயரைக் கட்டி, ஒருவர் மேலிருந்து தள்ள ஒருவர் கீழிருந்து இழுத்து, அரை மணி நேரத்தில் கொண்டுவந்துவிட்டோம். வயரோடு ஒரு புதுக் கயிறும் உள்ளே போயிருக்கிறது.