சேப்பாக்கமா, கிண்டியா: கலாம் யார் வீட்டுப் பிள்ளை?

அக்கா மகனுக்குக் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்த அன்றே சண்டை ஆரம்பித்துவிட்டது. கேசரித் தட்டைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் "எங்க யூனிவர்சிட்டில படிச்சவங்க லிஸ்டைப் பாருங்க மாமா" என்று போனை நீட்டினான். கலாம், ராஜ் ரெட்டி, அமுல் வர்கீஸ் குரியன், கிரிக்கெட் வீரர்கள் வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த், கிரேசி மோகன், எழுத்தாளர் சுஜாதா. கவுன்சிலிங் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் "எங்க". நானோ சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. சும்மா இருக்க முடியுமா?

சரி, கணக்கை ஒழுங்காகப் போடுவோம் என்றேன். ஆனால் எப்படி எண்ணுவது? சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அதற்குத்தான் அந்த ஆள் என்பது ஒரு முறை. எந்தக் கட்டடத்தில், எந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தாரோ அதற்குத்தான் என்பது இன்னொன்று. அவனுடைய பட்டியல் இரண்டாவது முறையில் போட்டது. முதல் முறையில் எண்ணினால் அதில் பாதிக்கு மேல் என் பக்கம் வந்துவிடும்.

காரணம் எளிது. அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது 1978-ல். கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), கட்டடக்கலைப் பள்ளி என்று நான்கையும் ஒன்றாக்கி உருவாக்கினார்கள். கிண்டிக் கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி வரை போகிறது. வயதில் அது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அண்ணன். ஆனால் பட்டம் கொடுக்கும் அதிகாரம் 1857-ல் தொடங்கிய சேப்பாக்கத்துக்காரர்களிடம்தான் இருந்தது. ஆகவே 1978-க்கு முன் கிண்டியில் படித்து வாங்கிய பிஇ எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்து பிஇ.

குரியன் லயோலாவில் இயற்பியல் படித்துவிட்டுக் கிண்டியில் பொறியியல் முடித்தார். இரண்டு பட்டமும் என் பக்கம். ராஜ் ரெட்டி 1958-ல் கிண்டியில் சிவில் முடித்தவர். கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதை 1994-ல் வாங்கினார். அதுவும் என் கணக்கில்தான். பையன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

கலாம் கணக்கு மட்டும் நேராக வராது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-ல் இயற்பியல் முடித்தார்; அந்தப் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. ஆனால் அவரை விமானத்தின் பக்கம் திருப்பியது எம்ஐடி. அங்கே சேர ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த எம்ஐடி அப்போது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பிள்ளை இல்லை. சி. ராஜம் தன் வீட்டையே விற்று 1949-ல் தொடங்கிய தனி நிறுவனம், தன் பெயரிலேயே டிப்ளமோ கொடுத்துக்கொண்டிருந்தது. ஆக, கலாமை ஏவுகணைக்காரர் ஆக்கிய படிப்புக்குச் சேப்பாக்கமும் உரிமை கொண்டாட முடியாது, 1978-ல் பிறந்த அண்ணா பல்கலைக்கழகமும் சான்றிதழைக் காட்ட முடியாது. அதே எம்ஐடியில் மின்னணுவியல் படித்த சுஜாதாவையும் இந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளலாம். நியாயமாகப் பார்த்தால் இருவரும் ராஜத்தின் கணக்கு.

இனி என் பக்கத்துப் பட்டியல். சி.வி. ராமன் மாநிலக் கல்லூரியில் 1904-ல் பிஏ, 1907-ல் எம்ஏ. மாணவராக இருந்தபோதே, 1906-ல், அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்துவிட்டது. அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் அதே கல்லூரி. 1930-ல் பட்டம் முடித்த கையோடு கப்பலேறினார். ஒருவருக்கு 1930-ல் நோபல், இன்னொருவருக்கு 1983-ல். கணிதத்தில் ஏபெல் பரிசு பெற்ற (2007) எஸ்.ஆர். சீனிவாச வரதனும் மாநிலக் கல்லூரிதான். லயோலாவில் ரசீன் பாதிரியாரிடம் கணிதம் கற்ற சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் இன்னொரு கிளை. ராதாகிருஷ்ணன், ஆர். வெங்கட்ராமன், இந்திரா நூயி, விஸ்வநாதன் ஆனந்த் என்று சொல்லிக்கொண்டே போகலாம். முதல் பிஏ தேர்வில் தேறிய இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். அதில் ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887-ல் அச்சில் கொண்டுவந்தாரே, அவரேதான். இவர் ஒருவர் போதும் எனக்கு, மற்றவர்களை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

ராமானுஜனை மட்டும் நான் சேர்க்கவில்லை. சேர்க்கவும் முடியாது. அவர் பட்டதாரியே இல்லை. கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று, பச்சையப்பன் கல்லூரியில் படித்து பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்ஏ தேர்வில் தோற்றார், துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு குமாஸ்தா வேலை பார்த்தார். ஆனால் 1913-ல் அதே பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு! மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுத்தால் போதும் என்பதுதான் நிபந்தனை. சென்னைப் பல்கலைக்கழகம் பெருமைப்பட ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் நான் நோபலைச் சொல்ல மாட்டேன், இந்த 75 ரூபாயைச் சொல்வேன்.

இத்தனையும் சொல்லி முடித்தபோதுதான் பையன் சரியான இடத்தில் கை வைத்தான். "இவங்கள்ல யாராவது உங்க யூனிவர்சிட்டிக்குள்ள உக்காந்து படிச்சாங்களா மாமா?"

கேள்வி நியாயம்தான். சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பத்தில் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பு மட்டும்தான். பாடம் சொல்லிக் கொடுத்தது கல்லூரிகள். நானே என் மூன்று வருடப் படிப்பில் அந்தக் கடற்கரை வளாகத்துக்குள் போனது இரண்டு தடவை, இரண்டும் சான்றிதழ் வேலையாக. செனட் ஹவுஸின் சிவப்பைப் பஸ்ஸில் இருந்து பார்த்ததே அதிகம். கிண்டிக்காரர்களுக்கு அப்படி இல்லை. அந்த மரத்தடி, அந்த வொர்க்‌ஷாப், அந்த ஹாஸ்டல் எல்லாம் அவர்கள் நிஜமாகவே புழங்கிய இடங்கள். வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் படித்தது அங்கேதான். கிரேசி மோகன் அங்கே மெக்கானிக்கல் படித்தார் என்பதை அவருடைய வசனங்களைக் கேட்டால் நம்பவே முடியாது.

பெஞ்சுக்கும் சான்றிதழுக்கும் உள்ள தூரத்தை ஒரே காகிதத்தில் பார்க்க வேண்டுமானால் அய்யலசோமயாஜுல லலிதாவின் பட்டச் சான்றிதழைப் பார்க்கலாம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் நாலு மாதக் குழந்தை. அப்பா சுப்பா ராவ் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் வாங்கினார். பிறகு லீலம்மா ஜார்ஜ், தெரேசியா என்று இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். அதுவரை பெண்ணே படிக்காத கல்லூரி அது. 1940-களின் முற்பாதியில் படிப்பு முடிந்து சான்றிதழ் வந்தபோது, அதில் 'ஹீ' என்றுதான் அச்சடித்திருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'ஷீ' என்று எழுதிக் கொடுத்தார்கள். இடம் கொடுத்தது கிண்டி. அச்சடித்த படிவம் சேப்பாக்கத்துடையது. லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலைகளில் பங்கெடுத்தார். இவரை என் பட்டியலில் வைத்துக்கொள்ள எனக்கே கூச்சமாக இருந்தது. பையனுக்கே கொடுத்துவிட்டேன்.

1978-க்குப் பிறகு மட்டும் எண்ணினால் போட்டி சுத்தமாகிவிடும். அதிலும் அவனுக்கு ஆள் இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளை கிராமத்தில் தமிழ் வழியில் படித்த கே. சிவன், 1980-ல் எம்ஐடியில் விமானப் பொறியியல் முடித்து, 2018-ல் இஸ்ரோ தலைவர் ஆனார். அஸ்வினும் உண்டு, எஸ்எஸ்என் கல்லூரியில் பிடெக், டெஸ்டில் 537 விக்கெட். ஆனால் அஸ்வினைச் சேர்த்த உடனே நான் பிடித்துக்கொண்டேன். எஸ்எஸ்என் இணைப்புக் கல்லூரி, அஸ்வின் கிண்டி பெஞ்சில் உட்காரவில்லை. இத்தனை நேரம் எனக்குச் சொன்ன குறை இப்போது அவனுக்கும் வந்துவிட்டது. 2001-ல் பொறியியல் கல்லூரிகளை எல்லாம் தன் குடைக்குள் வாங்கிக்கொண்டபோதே அண்ணா பல்கலைக்கழகமும் சேப்பாக்கம் மாதிரி ஆகிவிட்டது.

என் தீர்ப்பு கேட்டால், பெயர்களின் கனத்தில் சேப்பாக்கம், பக்கத்தில்கூட யாரும் வர முடியாது. படித்தவர்கள் "என் காலேஜ்" என்று உரிமையோடு சொல்வதில் கிண்டி.

கடைசியாக ஒரு பெயர் மிச்சம் இருந்தது, அதை வேண்டுமென்றே பின்னுக்கு வைத்திருந்தேன். "அண்ணாவே பச்சையப்பன் கல்லூரிடா. பிஏ ஆனர்ஸ், சென்னைப் பல்கலைக்கழகம். உங்க யூனிவர்சிட்டி போர்டுல இருக்கிறவரே எங்க ஆளு."

கொஞ்ச நேரம் யோசித்தான். "இருக்கட்டும் மாமா, போர்டு எங்ககிட்டதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கேசரியைச் சாப்பிட ஆரம்பித்தான்.